ஸ்லைடர் நன்றாகத்தான் இருந்தது

அமெரிக்க பேஸ்பாலில் உச்சமான மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ அணியில் டேட்டா பார்க்கிறவன், பந்து போடுகிற பிட்சர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று யாரும் எழுதித் தருவதில்லை. ஆனால் ஒரு தடவை சொல்லி மாட்டிக்கொண்டால் அப்புறம் ஒருவரும் நம் டேப்லெட் பக்கம் வரமாட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைப் படித்தால் அப்படித் தோன்றாமல் போகலாம்.

அவனுக்கு 33 வயது. ஏழெட்டு நிர்வாகங்களைப் பார்த்தவன், முழங்கையில் கிழிந்த இணைப்பு நாரை மாற்றுகிற டாமி ஜான் அறுவை சிகிச்சை ஆனவன். எங்களிடம் மைனர் லீக், அதாவது கீழ்நிலை அணிக்கான ஒப்பந்தம்தான். ஜூன் தொடக்கத்துக்குள் மேஜர் லீக்குக்கு அழைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. தைவானிலிருந்து ஒரு அணி கேட்டுக்கொண்டிருந்தது. பந்து போடும் பயிற்சி முடிந்து, தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், "நீயா இருந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

"உன் ஸ்லைடர் இன்னும் மேஜர் லீக் ஸ்லைடர்தான்" என்றேன். ஸ்லைடர் என்றால் கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் பந்து.

அவன் கேட்டது அதை இல்லை. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். தைவானுக்குப் போகவில்லை.

ஸ்லைடரைப் பற்றி நான் சொன்னதில் தப்பே கிடையாது. ஹாக்-ஐ கேமராக்கள் அளந்த சுழற்சி, பந்து விலகும் தூரம் எல்லாவற்றிலும் எங்கள் அணியில் அதுதான் முதல். ஆனால் ஸ்லைடர் தனியாகப் பிழைக்காது. பிட்சரின் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு முடிவெடுக்க பேட்டருக்கு அரை விநாடிகூடக் கிடைக்காது. அந்தப் பயத்தில் மட்டையை முன்னதாகவே வீசுகிறவன்தான் ஸ்லைடரில் ஏமாறுவான். இவனுடைய ஃபாஸ்ட்பால், அதாவது வேகப்பந்து, 91-க்கு இறங்கியிருந்தது. 91-க்கு மேஜர் லீக் பேட்டர் பயப்பட மாட்டான், ஸ்லைடருக்காகப் பொறுமையாக நிற்பான். இதை நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஒவ்வொரு பந்தின் வேகமும் ஸ்கோர்போர்டில் ஊருக்கே தெரிகிறது. அவனுக்குத் தெரியாததா?

சரி, 91 என்றால் கதை முடிந்தது என்றும் சொல்ல முடியாது. ரிச் ஹில் இருக்கிறாரே. இந்த மாதிரி பிட்சர்கள் எல்லோருக்கும் அவர் கதை மனப்பாடம். 2015-ல் 35 வயதில், எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத லாங் ஐலண்ட் டக்ஸில் பந்து போட்டுக்கொண்டிருந்தார். அந்த செப்டம்பரிலேயே பாஸ்டனுக்கு ஆடினார். அடுத்த வருடக் கடைசியில் டாட்ஜர்ஸ் அவருக்கு 3 வருடத்துக்கு 4 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. 2025-ல், 45 வயதில், கான்சாஸ் சிட்டிக்காக இறங்கி, 14 அணிகளுக்கு ஆடிய எட்வின் ஜாக்சனின் சாதனையைத் தொட்டார். அவருக்கும் வேகம் கிடையாது. பாஸ்டனில் பிரையன் பேனிஸ்டர், முன்னாள் பிட்சர், எண்களைப் படிக்கத் தெரிந்தவர், வளைந்து இறங்கும் கர்வ்பாலை இன்னும் நிறையப் போடச் சொன்னார். அதுதான் திருப்பம்.

எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். அன்றைக்கு அவனுக்குத் தைரியம் சொன்னேனா, இல்லை நானும் ஒரு பேனிஸ்டர் ஆகலாம் என்று ஆசைப்பட்டேனா? டக்ஸில் அந்த வருடம் ஹில்லோடு பந்து போட்ட மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கதை சொல்வதில்லை. அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஜூலையில் மேஜர் லீக்கில் ஆடும் எங்கள் மேல் அணியில் ஒரு பிட்சருக்குத் தோள்பட்டை வலி. நாளைக்கு யாரை அனுப்பலாம், ஒரே வரியில் சொல் என்று மேலதிகாரி கேட்டார். 23 வயதுப் பையன் ஒருவனின் பெயரை எழுதினேன். அவன் 97 போடுகிறான். தவிர, மேஜர் லீக்கில் ஆட 40 பேர் பட்டியலில் இருக்க வேண்டும்; பையன் அதில் ஏற்கெனவே இருப்பவன். 33 வயதுக்காரனை அழைத்தால் பட்டியலிலிருந்து ஒருவரைக் கழற்றிவிட வேண்டும். ஆக, நான் இவன் பெயரை எழுதியிருந்தாலும் அவர்கள் அழைத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் எழுதியிருக்கலாமே என்று கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மேஜர் லீக்கில் ஒரு நாள் இருந்தால்கூட மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி வந்துவிடும். 43 நாள் இருந்தால் வயதான காலத்தில் பென்ஷன். 33 வயதுக்காரனுக்குச் சில நாட்கள்தான் குறை. கையில் வருகிற காசும் சாதாரண வித்தியாசம் இல்லை: 2023-ல் டிரிபிள்-ஏயில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர், மேலே 7,20,000. இதெல்லாம் எழுதும்போது தெரியாமல் இல்லை, அதே திரையில்தான் இருந்தது. ஆனால் பென்ஷனுக்கு நாள் குறைகிறது என்பதற்காக ஒரு பிட்சரை அனுப்பினால், 97 போடுகிற பையனுக்கு நான் என்ன சொல்வேன்? அவனுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

ஆகஸ்டில் 33 வயதுக்காரன் தன்னை விடுவிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். செப்டம்பரில் மேஜர் லீக்கின் 26 பேர் அணி 28 ஆகும். வேறொரு அணி அந்த இடத்தில் அவனை ஏற்றியது. மாதக் கடைசியில் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். அதில் "43" என்ற எண் மட்டும்தான்.

எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அப்புறம்தான் சங்கடம். முடிவின் பலனை வைத்து முடிவை எடை போடாதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நான் எழுதிய அந்தப் பையன் இரண்டாவது ஆட்டத்திலேயே அடி வாங்கித் திரும்பியபோது, என்னைக் காப்பாற்றிக்கொள்ள அதே பாடத்தைத்தான் எடுத்துக்காட்டினேன். பலன் கெட்டபோது கணக்கில் சேர்க்கவில்லை. நல்லதாக வந்தபோது மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? தைவானுக்குப் போயிருந்தால் காசு நிச்சயம், 43 கிடைத்திருக்காது. ஆக, நான் சொன்னதுதான் சரியோ என்றும் சில நாள் தோன்றுகிறது. அந்த எண்ணம் வரும்போது எனக்கே என்னைப் பிடிப்பதில்லை.

வாழ்த்து சொல்லி பதில் போட்டேன். அவன் திருப்பிக் கேட்டான்: "ஜூலைல யார் பேரை எழுதின?"

அணிக்குள் எழுதுகிற பரிந்துரைகளை வெளியே பேசக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை அப்படியே எழுதி அனுப்பினேன். அதுவும் உண்மைதான்.