மூலைக் கல் நான்கு

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. எனக்கு வாய்த்தது காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு, கணக்குப் பாடம். அதற்கு முன் கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும்போது உடன் படித்தவர்களே பிள்ளைகளாக உட்காருவார்கள். கேள்வியை முடிப்பதற்குள் எல்லோரும் கை தூக்குவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் இன்னும் எந்த வகுப்பிலும் பார்க்கவில்லை.

பரப்பளவு நடத்தியபோது, ஊர்ப் பிள்ளைகளாயிற்றே என்று பக்கத்து ஆத்தங்குடியின் தரைக் கல்லை வைத்தே கணக்குக் கொடுத்தேன். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள கூடத்துக்கு 20 செ.மீ. சதுரக் கல் எத்தனை வேண்டும்? விடை 2,400. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் 2,204, 192, 4 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தான். கூட்டிக்கூடப் பார்க்காமல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

மறுநாள் அவன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன்தான் எழுந்தான்: “டீச்சர், இவன் அப்பா ஆத்தங்குடியில் கல் வார்க்கிறவர்.” பிறகு இவன் மெதுவாகச் சொன்னான்: “நடுவில் பூக்கல், சுற்றிலும் பார்டர் கல், மூலைக் கல் நான்கு. மூன்றுக்கும் அச்சு வேறு டீச்சர். மொத்தம் 2,400 என்று சொன்னால் அப்பா எதை வார்ப்பார்?”

சாக்பீஸை அவன் கையில் கொடுத்துவிட்டு அவன் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பலகையின் அடிப்பக்க எழுத்து முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. கரும்பலகைத் திறனுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்!

சுற்றுக்கல் 200 என்று பாதி வகுப்பு கத்தியது, 196 என்று மீதி. நீளத்தில் 60, அகலத்தில் 40, இரு மடங்கு 200 என்று ஒருத்தி வாதாடினாள். அவன் பதில் சொல்லாமல், வரைந்த படத்தின் மூலையைச் சாக்பீஸால் இரண்டு முறை தட்டினான். “ஐயோ, இரண்டு தடவை எண்ணிவிட்டேன்!” என்று அவளே தலையில் அடித்துக்கொண்டாள். பாடம் அங்கேயே நின்றுபோய், கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை அச்சில் ஊற்றுவது, காய்ந்த கலவையைத் தூவுவது, தண்ணீரில் ஊறப்போடுவது என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நானும் தடுக்கவில்லை.

என் குறிப்பேட்டில் வழிகாட்டி ஆசிரியர் அன்று எழுதியது: “வகுப்புக் கட்டுப்பாடு போதாது.” கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன்.

மாலையில் அவன் நோட்டில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

“கீழே 2,400 என்றும் எழுதிவிடட்டுமா டீச்சர்? பரீட்சையில் அதைத்தானே கேட்பார்கள்?”