துண்டில் இருந்த பெயர்

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலும் அரைப் போத்தல் தண்ணீருக்கு மேல் குடிக்க மாட்டேன். வேலை செய்த இடத்தில் எந்தக் கழிவறைக்குப் போனாலும் யாராவது முறைப்பார்கள். குடிக்காவிட்டால் போகத் தேவையில்லை, கணக்கு அவ்வளவுதான். அடக்கி அடக்கிக் கடைசியில் சலக்கடுப்பு வந்தது.

நான் திருநம்பி, பிறந்தபோது பெண்ணென்று பதியப்பட்ட ஆண். அப்போது அடையாள அட்டையில் பெண் பெயர். ஆளைப் பார்த்தால் சேட்டும் கட்டையாக வெட்டிய தலைமயிரும்.

ஒரு வைத்தியசாலையில் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனேன். ஊழியர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஆற்றை துண்டு? அக்காவையெல்லோ வரச்சொல்லும் தம்பி."

"என்ரைதான்."

பின்வாங்கில் விசிறிக்கொண்டிருந்த ஆச்சியின் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே வைத்தியர் கடுப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். மிச்சமெல்லாம் கலியாணத்தைப் பற்றி. சலம் சோதிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. பார்மசியில் சொல்லி வாங்கிய குளிசையை நாலு நாள் போட்டேன், கடுப்பு குறைந்ததும் விட்டேன். அது என் பிழைதான். ஆனால் அந்த வாங்கில் இன்னொருமுறை இருப்பதைவிட அது லேசாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் குத்து. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். வேறொரு வைத்தியசாலையில் எந்த வாட்டில் போடுவதென்று பேசி முடிக்கும்வரை அரை மணித்தியாலம் நடைபாதையில் தள்ளுவண்டியில் கிடந்தேன். கடைசியில் பெண்கள் வாட். பக்கத்துக் கட்டில் அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல், "பிளேன்ரீ குடியும் தம்பி" என்று கோப்பையை நீட்டினா.

"ஏன் முதலே வரேல்லை?" என்று கேட்டார் அங்கிருந்த இளம் வைத்தியர். வந்த கதையைச் சொன்னேன். அவர்தான் மனநல கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனமே 2019இல் என்னைப் போல இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, பிறகென்ன மனநல கிளினிக்? ஆனால் சுகாதார அமைச்சின் 2016 சுற்றுநிருபப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது மனநல வைத்தியர். வயது 16 தாண்டியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மாற்றலாம், அதற்குப் பிறகு அடையாள அட்டை.

சரி என்று போனேன். வைத்தியர் மாறும்போதெல்லாம் ஐந்து வயதிலிருந்து கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன், வேலை சுருங்கியது. போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டோக் கொப்பி வைத்திருங்கள். முடிந்தால் ஓர் ஆளையும் கூட்டிப்போங்கள். பெயரை விட்டு நம்பரைக் கூப்பிடச் சொல்லி நேர்ஸிடம் முன்கூட்டியே கேளுங்கள். நான் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. இதை முதல்நாளே கேட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

பதினான்கு மாதம் எடுத்தது. புதிய அட்டையோடு போன அன்று, நேர்ஸ் அடிமட்டம் வைத்து கிளினிக் கொப்பியில் பழைய பெயரை வெட்டி, மேலே புதியதை எழுதினார். கோட்டுக்குக் கீழே பழையது இன்னும் வாசிக்கலாம்.

வலது சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதாம். அடுத்த ஸ்கான் ஆவணியில்.