தைப்பூசம் முடிந்த வாரம்

12 பிப்ரவரி 2025, புதன்

கடை திறக்கப் போனால் மாடிப்படியில் ஏற்கெனவே இரண்டு பேர். பாதிப் படி ஏறியதும் கால் வரவில்லையாம், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் தசைவலிக்கு நீவிவிடும் என் மாதிரி ஆட்களுக்குத் தைப்பூசத்தின் மறுநாள்தான் தீபாவளி.

வந்தவர்களுக்கெல்லாம் முன்தொடையும் கெண்டைக்காலும்தான். தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, சரி. தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம். உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீள வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அதற்குள் நுண்ணிய சேதம் அதிகம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும்.

"லாக்டிக் ஆசிட் சேர்ந்துருச்சுக்கா, நல்லா அமுக்கி எடுத்துவிடுங்க" என்றான் ஒரு தம்பி. ஜிம்முக்குப் போகிறவன். அது ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். நீ மலையடிவாரத்தில் பந்தல் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோதே போயிருக்கும் என்றேன். நம்பினானா தெரியவில்லை.

இன்றைக்கு யாருக்கும் முழங்கை வைக்கவில்லை. எண்ணெய் தொட்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீளமாக, லேசாக. கொஞ்சம் வலி குறையும், அவ்வளவுதான். மீதியை நாள்தான் ஆற்ற வேண்டும். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்காமல் மெல்ல நடங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒருவருக்கு முகமே விழுந்துவிட்டது. காசு கொடுத்தும் வலிக்கவில்லையே என்ற கவலை.

13 பிப்ரவரி, வியாழன்

ரதத்துக்குத் தேங்காய் உடைத்த சீன அங்கிள் வந்தார். வருஷா வருஷம் வேண்டுதல். வலது தோளின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "சினி சாக்கிட்", இங்கே வலி என்றார். தேங்காயை ஓங்கி எறிகிற கையை எறிந்த பிறகு இழுத்து நிறுத்துவது தோள்பட்டை எலும்பின் பின்புறத்தில் படர்ந்திருக்கும் தசை. அங்கே கட்டைவிரலை வைத்ததும், "ஆ! அதுதான்!" என்று முன்தோளைப் பிடித்துக்கொண்டார். கை வைத்தது பின்னால், வலி எழுந்தது முன்னால்.

இப்படித் தசையில் விழும் எந்த முடிச்சு எங்கே வலியை அனுப்பும் என்று உடம்பு முழுக்கப் படம் போட்டு 1983-இல் புத்தகமாகக் கொண்டுவந்தவர்கள் ஜேனட் டிராவெலும் டேவிட் சைமன்ஸும். டிராவெல் அம்மையார் அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவர். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். விரலுக்குக் கீழே கயிறு மாதிரி திரண்டு நிற்பது எனக்குத் தினமும் தட்டுப்படுகிறது.

"குவாட் சிக்கிட் லா", இன்னும் கொஞ்சம் அழுத்து என்றார் அங்கிள். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டேன். ஆறு என்றார். அங்கேயே நின்றேன். அதற்கு மேல் போனால் மூச்சைப் பிடித்துக்கொள்வார், கால்விரல் மடங்கும், தசை இன்னும் இறுகி என் விரலை வெளியே தள்ளும். பிறகு நான் அமுக்குவது வெறும் சண்டை. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தால் அதுவே இளகி உள்ளே விடும். விட்டது. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, ஆனாலும் போதாது என்கிற முகத்தோடு போனார்.

14 பிப்ரவரி, வெள்ளி

காவடி எடுத்த பையன். அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். முதுகில் அலகு குத்திய இடங்கள் இன்னும் ஆறவில்லை, விபூதி அப்பியிருக்கிறது. அங்கே கை வைக்க மாட்டேன், எண்ணெயும் கூடாது என்று சொன்னேன். காவடிச் சட்டம் உட்கார்ந்திருந்த தோளின் மேல்பகுதியையும் கழுத்தையும் மட்டும் பார்த்தேன். விரல் மரத்துப்போகிறதா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். இல்லையாம். மரத்திருந்தால் டாக்டரிடம்தான் அனுப்பியிருப்பேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பால்குடம் எடுத்த அத்தை. எனக்கு உறவில்லை, இந்தத் தெருவுக்கே அத்தை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, பல வருஷமாக உண்டு. பாதத்தைக் கொடுத்துவிட்டு, "நல்லா அமுக்கு புள்ள, ஒண்ணுமே உறைக்கல" என்றார்.

எனக்குப் பயம் இந்த வார்த்தைதான். அங்கிளுக்காவது ஆறு, ஏழு என்று சொல்லத் தெரிகிறது. சர்க்கரையால் நரம்பு செத்த காலுக்கு எண்ணே கிடையாது. எவ்வளவு அமுக்கினாலும் சரி என்றுதான் சொல்லும். விளக்கைப் போட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே வெள்ளிக்காசு அளவுக்குக் கொப்புளம், உடைந்து ஈரமாக. தார் ரோட்டில் வெறுங்காலில் நடந்தது. அத்தைக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

எண்ணெய்ப் பாட்டிலை மூடிவிட்டேன். சுத்தத் துணியால் கட்டி, நாளைக் காலையிலேயே கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொல்லி மருமகளுக்கும் போன் போட்டுச் சொன்னேன். காசு வாங்கவில்லை என்று அத்தைக்குக் கோபம்.

18 பிப்ரவரி, செவ்வாய்

கூட்டம் குறைந்துவிட்டது. மத்தியானம் ஒருவர், திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்தவர். இடது கெண்டைக்கால் வலி, "படி ஏறினதுதான்" என்றார். படி ஏறிய வலி ஏழு நாள் கழித்துக் கூடிக்கொண்டே போகாது, ஒற்றைக் காலிலும் நிற்காது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இடது கால் தெரிகிற அளவுக்குப் பருமன், தொட்டால் சூடு. மணிக்கணக்கில் விமானத்தில் உட்கார்ந்து வந்த கால். உள் நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம். அதை நீவிவிட்டால் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகக்கூடும்.

தொடவில்லை. நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள் என்றேன். கூட வந்த மச்சான், "உருவிவிட்டா சரியாயிடும்னு சொன்னாங்களே" என்று இழுத்தார். கிராப் டாக்சி பிடித்து நானே ஏற்றிவிட்டேன். ராத்திரி அவரிடமிருந்து மெசேஜ்: ஸ்கேனில் கட்டிதான், மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கீழே இன்னொரு வரி, அடுத்த வாரம் மசாஜுக்கு நேரம் கிடைக்குமா என்று.