மச்சாளின் ஞானப்பல்

போன மாதம் மச்சாள் ஞானப்பல்லைப் பிடுங்குவித்தார். "வீசிவிடாதீர்கள், எனக்கு வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். "இந்தச் சொத்தைப் பல் உமக்கு எதற்கு?" என்று முகம் சுளித்தபடிதான் தந்தார்.

பல்லில் உள்ள நுண்ணளவு மூலகங்களை அளப்பது என் தொழில். எலும்பு ஆயுள் முழுவதும் தன்னைக் கரைத்துக் கட்டிக்கொண்டே இருக்கும். பல்லின் வெளிக்கவசமான எனாமல் ஒருமுறை உருவானால் உருவானதுதான். அது வளர்ந்த காலத்து உணவும் நீரும் அதிலேயே தங்கிவிடும். ஆவர்த்தன அட்டவணையில் கல்சியத்துக்கு நேர் கீழே நிற்கும் ஸ்ட்ரோன்சியம், கல்சியத்தின் இடத்தில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதை அதன் 87, 86 ஆகிய சமதானிகளின் (ஒரே மூலகத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின்) விகிதம் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துக் கடற்சுண்ணக்கல். அத்தகைய கல்லில் இந்த விகிதம் 0.708க்கும் 0.709க்கும் இடையில் நிற்கும். குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியின் உட்பகுதியில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த உருமாறிய பாறை. அதிலுள்ள ருபீடியம் என்ற மூலகம் சிதைந்து சிதைந்து ஸ்ட்ரோன்சியம்-87 ஆவதால் அங்கே விகிதம் ஏறியிருக்கும். வேறுபாடு பெரும்பாலும் மூன்றாம் தசமத்தில்தான் தெரியும் என்பதால் வேலையில் பாதி வெளி மாசைக் கழுவுவதே. வைரத் தூள் பதித்த முனையால் மேற்பரப்பைச் சுரண்டி எறிந்து, உள் எனாமலில் சில மில்லிகிராம் மட்டும் எடுத்து, அமிலத்தில் ஊறவைத்த டெஃப்லான் குப்பியில் நைத்திரிக் அமிலம் விட்டுக் கரைக்க வேண்டும். மண்ணுக்குள் கிடந்த பழம் பல்லென்றால் சந்தேகம் இரட்டிப்பு. மண்ணும் தன் பங்கை ஊட்டியிருக்கும்.

ஒரு ஊருக்குரிய விகிதம் எவ்வளவு என்று அறியும் அளவுகோலுக்கு மனிதரைவிட ஆடு நல்லது. வளவில் வெட்டிய பலாக்குழையும் கிணற்றுத் தண்ணீரும்தான் அதன் உலகம். சந்தையில் ஆட்டுத்தலை வாங்கும்போது கடைக்காரர் இப்போது கேட்காமலே தாடையைத் தனியாகச் சுற்றித் தருகிறார்.

மச்சாளின் கதை வேறு. 1995 ஒக்டோபரில் போரால் குடாநாட்டின் வலிகாமம் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவருக்கு எட்டு வயது. பதின்ம வயது முழுவதும் வன்னியில். முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல் மூன்று வயதளவில் முடிந்துவிடும். ஞானப்பல்லின் எனாமல் எட்டு வயதை ஒட்டித்தான் தொடங்கும். ஒரே வாயில் இரண்டு ஊர்! ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் உண்டதில் பாதி நிவாரண மாவும் பருப்பும். அந்தக் கோதுமை எந்த நாட்டு வயலில் விளைந்தது என்று நிவாரண அட்டையில் யாரும் எழுதி வைக்கவில்லை.