777-ஐ எடுத்ததும் ஓடிய மழைக் கணக்கு

எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தில் மழை தள்ளிப் போகிற கிழக்கு ஓரம் இது. கேரளமே நனைகிற ஆடியிலும் நாங்கள் ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது மூலத்தரை அணைக்கட்டுக்கு வரும் என்று பார்த்திருப்போம். இங்கே தோட்டம் வைத்திருக்கிற சிலர் மழைமானியில் அளக்கும் மில்லிமீட்டரை ஒரே இடத்தில் பதிய, சின்னதாக ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் (பெர்ல் மொழியில் எழுதிய புரோகிராம்) இணையத்தில் வைத்திருக்கிறேன். ஃபார்மில் எண்ணைப் போட்டால் டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி சேரும், அவ்வளவுதான்.

இடம் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பலர் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்வது. அவர்கள் சர்வரை மாற்றியதிலிருந்து 500 இன்டர்னல் சர்வர் எரர். கேட்டவர்கள் எல்லாரும் "பர்மிஷனா இருக்கும், 777 போட்டுப் பாருங்க" என்றார்கள். ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று சொல்வது இந்த எண்; 777 என்றால் எல்லாருக்கும் எல்லாம் திறந்திருக்கும். ஏற்கெனவே 777-தான் இருந்தது. பழைய சர்வரில் அது இல்லாமல் முடியாது. அங்கே அப்பாச்சி என்ற வெப் சர்வர் புரோகிராம் எல்லாருடைய ஸ்கிரிப்டையும் 'நோபடி' என்ற ஒரே பயனர் பெயரில் ஓட்டியது. நோபடி என் ஃபோல்டரில் எழுத வேண்டுமென்றால் அதை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டியிருந்தது.

புது சர்வரில் இருப்பது அப்பாச்சியின் சுஎக்ஸெக் என்ற துணைப் புரோகிராம். ஸ்கிரிப்டை அக்கவுண்ட் வைத்திருப்பவர் பெயரிலேயே ஓட்டும். ஓட்டும் முன் பல சோதனைகள் உண்டு: ஃபைலும் ஃபோல்டரும் அவருடையவைதானா, வேறு யாராவது அவற்றில் எழுத முடியுமா என்பது போல. ஒன்று தவறினாலும் ஓட்டாது. ஏன் ஓட்டவில்லை என்று நமக்குச் சொல்லவும் சொல்லாது. எரர் லாகில் (பிழைகளைக் குறித்து வைக்கும் ஃபைல்) 'எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் அவுட்புட் பிஃபோர் ஹெடர்ஸ்' என்று நிற்கும், அதாவது ஸ்கிரிப்ட் எதுவும் தராமல் முடிந்துவிட்டது. உண்மைக் காரணம் சுஎக்ஸெக்கின் தனி லாகில் இருக்கிறது, அது வாடிக்கையாளர் கண்ணில் படாது. "சைட் ஓடவில்லை" என்று சப்போர்ட்டுக்கு எழுதினால் கேஷைக் கிளியர் பண்ணச் சொல்வார்கள். "சுஎக்ஸெக் லாகில் என் அக்கவுண்ட் வரிகளை மட்டும் அனுப்புங்கள்" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: 'டைரக்டரி ஈஸ் ரைட்டபிள் பை அதர்ஸ்', ஃபோல்டரில் மற்றவர்களும் எழுத முடிகிறது.

அதாவது 777-தான் வியாதி. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கமும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர். 775 ஆக்கிப் பார்த்தேன், அதுவும் ஆகவில்லை. குழுவுக்கு எழுத உரிமை இருந்தாலும் சுஎக்ஸெக் மறுத்துவிடும். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரை 755 ஆக்கி, ஃபைலையும் 755 ஆக்கியதும் அந்தப் புகார் நின்றது. ஃபைலுக்கு 700 கூடப் போதும், போட்டுப் பார்த்துவிட்டேன். ஓட்டுவது நம் பெயரில்தானே.

ஆனாலும் 500 போகவில்லை. இப்போது சப்போர்ட் அனுப்பிய சுஎக்ஸெக் லாகில் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி: எக்ஸெக் ஃபெயில்டு', அப்படி ஒரு ஃபைலே இல்லையாம். ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. புள்ளி வைத்த எண்ணையும் ஏற்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்தி அனுப்பிய பொள்ளாச்சி நண்பரைக் கூப்பிட்டேன்.

"ஃபைல் அங்கயேதான் இருக்குதுங்க அண்ணா, இல்லைங்குது."

"உங்க ஃபைலை இல்லைங்கலீங்க, பெர்லை இல்லைங்குது. நான் விண்டோஸ்ல சேவ் பண்ணுனேன்."

விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கூடுதலாக ஒரு கேரியேஜ் ரிட்டர்ன் எழுத்தை வைக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பெர்ல் இருக்கும் பாதை உண்டு. அதன் வாலில் கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்து ஒட்டிக்கொள்ள, லினக்ஸ் அந்தப் பெயரில் ஒரு புரோகிராமைத் தேடுகிறது. எப்படிக் கிடைக்கும்? நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் வரி முடிவை யூனிக்ஸ் வகைக்கு மாற்றி மறுபடி ஏற்றினேன். சர்வருக்கு ஃபைல் ஏற்றும் எஃப்டிபியில் ஆஸ்கி மோடில் (எழுத்து ஃபைலாக) அனுப்பினாலும் இது சரியாகும். ஸ்கிரிப்ட் ஓடியது.

மழைக் கணக்கு ஃபைலைப் பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே தனி ஃபோல்டரில் வைத்துவிட்டேன். ஃபோல்டர் 700, ஃபைல் 600. பழைய சர்வரில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

பாக்கி இருப்பது ஃபைல் பூட்டு. வானிலைத் துறை வழக்கப்படி எல்லாரும் காலை 8.30-க்கு அளந்து கையோடு அனுப்புகிறார்கள். இரண்டு பேருடைய எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்க, ஒருவர் எழுதி முடிக்கும்வரை ஃபைலைப் பூட்டி வைக்கும் எஃப்லாக் கட்டளையை அடுத்து சேர்க்க வேண்டும்.