செவ்வாய்க்கிழமைத் தராசு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா. 2023

ஜூலை 11, செவ்வாய்

2.68. பிறந்தபோது 2.90. இன்றோடு பதினான்கு நாள், பிறந்த எடையைக்கூட இன்னும் எட்டவில்லை. சிஸ்டர் எடைப் புத்தகத்தில் புள்ளி வைத்தபோது அவருடைய பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறிப் போகும் கோடுகளுக்குக் கீழே தனியாக ஒரு புள்ளி. "முதலில் மார்பில் போடுங்கள். பிறகு பீய்ச்சிய பால். அதற்கும் மேல் 30 மில்லி பால்மாவு. அடுத்த செவ்வாய் வாருங்கள்." குரலில் கடுமை இல்லை. ஆனாலும் வெளியே வந்து மதிலைப் பார்த்து நின்று அழுதேன்.

ஜூலை 12

இரவு 1.10, 3.00, 4.40. மூன்று தடவையும் வலது காம்பில் இரத்தம்.

ஜூலை 13

டின் வந்துவிட்டது. கடையில் நின்றுகொண்டு இவர் போனில் "எது வாங்க?" என்றார். ஒரு நொடிகூட யோசிக்காமல் பெயரையும் மூடியின் நிறத்தையும் சொன்னேன். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டது. எனக்கு எப்படித் தெரியும்?

இந்த நாட்டில் 2012 விதிமுறைப்படி மூன்று வயது வரையிலான பால்மாவு எதற்கும் விளம்பரம் கூடாது. டின்னில் குழந்தைப் படம் போடக் கூடாது. நான் வளர்ந்த இந்தியாவிலும் 1992இலிருந்தே சட்டம் இருக்கிறது. அப்படியும் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. பெரிய பிள்ளைகளுக்கான டின்னிலும் அதே நிறம், அதே எழுத்து, எண் மட்டும்தான் வேறு. போனில் நான் பின்தொடரும் அம்மாக்களின் சமையலறை அலமாரியில், படத்தின் ஓரத்தில், தற்செயலாக நிற்பதுபோல் அது நிற்கிறது. எட்டு நாடுகளில் 8,500 பெற்றோரிடமும் கர்ப்பிணிகளிடமும் கேட்டு, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. தென்னாப்பிரிக்காவும் அந்த எட்டில் ஒன்று. பாதிக்கு மேற்பட்டவர்கள் பால்மாவு விளம்பரம் தங்களை எட்டியதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டின்னிலேயே அச்சிட்டிருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்குக் கரண்டியில் மாவை மட்டமாக வழிக்கும்போது அதுதான் கண்ணில் படுகிறது.

ஜூலை 15, சனி

மாலில் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் அறை. கதவில் புட்டிப் படம். உள்ளே உட்கார்ந்து மார்பில் போட்டேன், புட்டிப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

இன்று முழுவதும் புட்டியாகவே கண்ணில் படுகிறது. சீமந்தத்துக்கு வந்த வாழ்த்து அட்டைகளில் மூன்றில் புட்டி. அன்று வெட்டிய கேக்கின் மேல் சர்க்கரையில் செய்த புட்டி. நாத்தனார் மகளின் பொம்மைக்கும் ஒரு புட்டி. போனில் செய்தி அனுப்பும் குட்டிச் சித்திரங்களில் புட்டி 2010இலேயே வந்துவிட்டது, பால் கொடுக்கும் பெண் 2017இல்தான் வந்தாள். குழந்தை என்றால் புட்டி என்று யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. நானாகத்தான் கற்றிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மதில் வழியாக எட்டிப் பார்த்து, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அவளுடைய பையனுக்கு மூன்று மாதம். கையில் புட்டி. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் பேசினாள். எனக்கும் ஒரு டின் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. ஆயா, இவருடைய பாட்டி, விடியற்காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்றினார். மாலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை மின்வெட்டு. பீய்ச்சி உறைய வைத்திருந்த மூன்று பைகளையும் ஈரத் துண்டில் சுற்றி, உறைபெட்டியைத் திறக்கவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். மொத்தம் 140 மில்லி. இரண்டு நாள் உழைப்பு.

தோட்டத்திலிருந்து முருங்கைக்கீரை பறித்துப் பூண்டு போட்டு வதக்கித் தந்தார் ஆயா. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டேன். பால் ஊறுமா என்று கேட்டதற்கு, "முதலில் நீ சாப்பிடு" என்றார்.

ஜூலை 18, செவ்வாய்

2.80. ஏழு நாளில் 120 கிராம். போதாது, ஆனால் ஏறியிருக்கிறது.

முக்கியமானதை இன்றுதான் கற்றுக்கொண்டேன். சிஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். மூக்குக்கு நேராகக் காம்பு. அவள் வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து, திறந்தவுடன் முதுகோடு சேர்த்து அணைத்தார். காம்பு மட்டுமில்லை, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பாகம் முழுவதும் வாய்க்குள் போனது. கீழுதடு வெளியே மடங்கியிருந்தது. வலிக்கவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக, அவள் விழுங்கும் சத்தத்தைக் கேட்டேன்.

இது ஏன் எனக்குத் தெரியாமல் போனது? நிலவொளியில் வெள்ளை உடுத்திய தாய்மார்களின் படங்களை ஆயிரம் பார்த்திருப்பேன். ஒன்றில்கூடக் குழந்தையின் கீழுதடு தெரிந்ததில்லை.

வரிசையில் என்னருகே ஒரு ஜூலு அம்மா. "முதல் பிள்ளைக்கு இவர்களே டின் கொடுத்தார்கள். இவனுக்குத் தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறார்கள்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்கு அரசு மருத்துவமனைகள் இலவசமாகப் பால்மாவு கொடுத்துவந்தன. தாய்ப்பாலோடு வேறு எதையும் கலக்காமல் கொடுத்தால், கலந்து கொடுப்பதைவிடக் கிருமி தொற்றுவது குறைவு என்று 1999இலேயே காட்டியவர்கள் இதே டர்பனின் ஆய்வாளர்கள், அன்னா கூட்சூடிஸும் ஹூசன் கூவாடியாவும். மருந்து எடுத்துக்கொண்டே பாலூட்டலாம் என்று 2010இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2011 ஆகஸ்டில், தாய்ப்பாலை ஆதரித்து அரசின் ஷ்வானே பிரகடனம் வந்தது, அதன் பிறகு இலவச டின் நின்றது. தலைப்புச் செய்திகளில் தாய்ப்பால் ஒரு காலம் ஆபத்து, ஒரு காலம் அமுதம். இடையில் அந்த அம்மா இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டார்.

இன்று மண்டேலா தினம், பிறருக்கு உதவி செய்யும் நாள். அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்கென்று டின்களைக் கோபுரமாக அடுக்கி, பின்னால் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அது வேண்டும், யார் மறுப்பது? ஆனால் இதே ஊரில் இதெம்பா லெத்து இல்லத்துக்கென்று, முன்பின் தெரியாத குழந்தைகளுக்காகப் பெண்கள் பாலைப் பீய்ச்சி உறைய வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சின்னப் பைகளை யாராவது அடுக்கிப் படம் எடுக்க வேண்டும்.

ஜூலை 20

தூங்கினேன். நான்கு மணி நேரம், தொடர்ந்து.

ஜூலை 22, சனி. ஆடிப்பூரம்

புட்டியை எடுத்து வைத்துவிட்டேன். புட்டியில் கொடுத்துவிட்டு மார்பில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அம்மா அனுப்பிய வெள்ளிப் பாலாடை பீரோவில் பட்டுப் புடவைக்கு நடுவே இருந்தது. கொதிக்க வைத்து எடுத்தேன். அவளை நிமிர்த்தி மடியில் வைத்து, நீண்ட மூக்கு கீழுதட்டைத் தொடும்படி சாய்த்தால் போதும், ஊற்றக் கூடாது. பூனைக்குட்டிபோல் நாக்கை நீட்டி நீட்டி நக்கிக் குடித்தாள். 30 மில்லிக்கு இருபது நிமிடம். கழுத்து மடிப்பில் கொஞ்சம் வழிந்தது.

ஆயா பாலாடையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சங்கு" என்றார். எழுபது வருடமாகப் பார்க்காத ஒருவரைப் பார்த்ததுபோல் இருந்தது அவர் முகம்.

இரவு அம்மா பேசினார். மயிலாடுதுறையில் அப்போது நள்ளிரவுக்கு மேல். "சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு அம்பாளே பாலைக் கறந்து கிண்ணத்தில்தானே ஊட்டினாள்? நீ கிண்ணத்தில் ஊட்டினால் குறைந்தா போய்விடுவாய்?" நூறு தடவை கேட்ட சம்பந்தர் கதை. இன்று போனை வைத்த பிறகும் கிண்ணத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 25, செவ்வாய்

2.98! பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். பால்மாவை நாளுக்கு மூன்று வேளையாகக் குறைக்கலாம் என்றார் சிஸ்டர்.

ஜூலை 27

அம்மா பார்க்கும் சீரியலில் குழந்தை பிறந்திருக்கிறது. போனைத் தொலைக்காட்சி முன்னால் வைத்து எனக்கும் காட்டுகிறார். துணிப் பொதி அழுகிறது, மருமகள் ஓடுகிறாள், அடுத்த காட்சியில் புட்டி, அழுகை நின்றுவிட்டது. மூன்றே விநாடி. நம் படங்களில் தாய்ப்பாலுக்குப் பஞ்சமே இல்லை, எல்லாம் வசனத்தில். குடித்த பாலின் மேல் சத்தியம் செய்கிறார்கள், தாய்ப்பால் குடித்தவனா நீ என்று சண்டைக்கு இழுக்கிறார்கள். பால் குடிக்கும் குழந்தை மட்டும் எங்கேயும் இல்லை.

பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கே 1999 மார்ச் மாதத்துத் தொலைக்காட்சியையும் செய்தித்தாள்களையும் எடுத்து ஆராய்ந்து, 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டிருக்கிறார்கள். புட்டிதான் அதிகம் காட்டப்பட்டது, அதுவும் சிக்கல் இல்லாததாக, சாதாரணக் குடும்பங்களின் வழக்கமாக. தாய்ப்பால் என்றால் வசதியான பெண்கள், பிரபலங்கள். பால்மாவினால் வரக்கூடிய கெடுதலைப் பற்றிப் பேச்சே அபூர்வம். இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய சங்கதி. அம்மாவின் சீரியல் நேற்று வந்தது.

2018இல் கேரளத்தில் ஒரு மலையாள இதழ், பாலூட்டும் பெண்ணை அட்டையில் போட்டது. முறைத்துப் பார்க்காதீர்கள், நாங்கள் பாலூட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், அந்த அட்டையை நானும் முறைத்துத்தான் பார்த்தேன். அட்டையில் இருந்தவர் தாயே அல்ல, மாடல். அதற்காகவும் திட்டினார்கள். உண்மையான ஒரு தாய் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அவளை என்னென்ன சொல்லியிருப்பார்கள்?

ஜூலை 30, ஞாயிறு

கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தூணோரம் உட்கார்ந்து முந்தானையால் மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். ஒரு பாட்டி, நான் கேட்காமலேயே, என் முதுகுக்குப் பின்னால் தன் கைப்பையை அண்டக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

3.17.

தாய்ப்பால் வாரம் தொடங்கிவிட்டது. இந்த வருடம் வேலைக்குப் போகும் பெற்றோரைப் பற்றி. கிளினிக் சுவரில் புதுச் சுவரொட்டி. ஒரு செய்தித்தாளிலிருந்து படம் எடுக்க வந்திருந்தார்கள். சிஸ்டர் என்னைக் கைகாட்டினார். பெஞ்சில் என் பக்கத்தில் வெந்நீர்க் குடுவை, பால்மாவுச் செப்பு, பாலாடை. படம் எடுப்பவர் பணிவாகத்தான் கேட்டார்: "இவற்றைக் கொஞ்சம் கீழே வைத்துவிடலாமா? படம் சுத்தமாக இருக்கும்."

வைத்துவிட்டேன். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

ஆகஸ்ட் 2

ஏன் கீழே வைத்தேன்?

ஆகஸ்ட் 4, வெள்ளி

படம் வந்துவிட்டது. பெரிதாகவே போட்டிருக்கிறார்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வளர்க்கும் தாய் என்று கீழே எழுதியிருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. 2003இல் இந்த நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 8 சதவீதத்துக்குத்தான் தாய்ப்பால் மட்டும் கிடைத்தது, 2016இல் 32 சதவீதம் என்று பக்கத்திலேயே ஒரு கட்டம். அந்த 32இல் நான் இல்லை. மீதியில் இருக்கும் என்னை அதற்குள் தூக்கி வைத்துவிட்டார்கள்.

நாத்தனார் பெருமைப்பட்டார். இவருடைய அலுவலகத்தில் யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மாலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து செய்தி: படம் அழகாக இருக்கிறதாம், உன்னால் முடிகிறது, என்னால்தான் முடியாமல் போனது என்று. கடைசியில் ஓர் இதயம்.

சீரியலையும் பிரிட்டனையும் குற்றம் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதினேனே. அதே பொய்யான படமாக அவள் கையில் இப்போது நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆயாவிடம் சொன்னேன். செய்தித்தாளை விளக்கருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் சமையலறையில் தொங்கிய காலண்டரைப் பற்றிச் சொன்னார். டோங்காட் பக்கம் கரும்புத் தோட்ட வரிசை வீடு. கடைக்காரர் கொடுத்த காலண்டர். கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, கையில் டின். "என் பிள்ளையும் அப்படி வரும் என்று நினைத்தேன்." வேலைக்கும் போக வேண்டும். ஒரு டின்னை இரண்டு வாரத்துக்கு நீட்ட வேண்டும், அதனால் தண்ணீரைக் கூட்டினாராம். இரண்டாவது பிள்ளை. ஐந்தாம் மாதம் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. இவருக்கே தெரியாத கதை.

ஆயா பிறந்தது 1939. அதே வருடம் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் மேடையேறி, தவறான பால் பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகக் கருத வேண்டும் என்று பேசினார். அந்த விற்பனையைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது 1981இல். 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டும். இடைப்பட்ட நாற்பத்திரண்டு வருடங்களுக்குள்தான் ஆயாவின் அந்த ஐந்து மாதம் இருக்கிறது.

"காலண்டரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வருடம் முடியும் வரை மாட்டியிருந்தது. தேதி பார்க்க வேண்டுமே."

ஆகஸ்ட் 8, செவ்வாய்

3.38. பால்மாவு இனி இரவு ஒரு வேளை மட்டும்.

ஆகஸ்ட் 9

இந்த நாட்டின் பெண்கள் தினம், விடுமுறை. மதியம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பையில் டின்னையும் பாலாடையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே பையன் அழும் சத்தம், பிறகு நின்றுவிட்டது. கூப்பிட்டேன். ஜன்னல் திரை அசைந்தது.