டெஸ்மின் இழை கோத்துக்கொண்ட கதை

பினாங்கில் முதுகலை ஆய்வுக்காக, டெஸ்மின் என்ற தசைப் புரதத்தின் இழைகளைச் சோதனைக் குழாயில் உருவாக்கிப் பார்த்தேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எலும்புத் தசை நாருக்குள், சுருங்கும் நுண்ணிழைகளில் குறுக்கே எல்லைபோல் அமைந்த இசட் தட்டுகளைச் சுற்றி நின்று, பக்கத்துப் பக்கத்து நுண்ணிழைகளை ஒன்றோடொன்று கட்டி வைப்பது டெஸ்மின். 470 அமினோ அமிலம், மூலக்கூறு எடை சுமார் 53 கிலோடால்டன். பாக்டீரியாவில் தயாரித்தால் கரையாத திரளாகத்தான் வரும், 8 மோலார் யூரியா போட்டால்தான் கரையும். யூரியாவை அன்றன்றைக்குக் கலக்குங்கள், சூடாக்க வேண்டாம். பழசானால் சயனேட் உண்டாகிப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த முடிவையும் நம்ப முடியாது.

அடுத்தது டயாலிசிஸ், அதாவது சவ்வுப் பைக்குள் புரதத்தை வைத்து வெளிக் கரைசலை மாற்றுவது, அலுப்பான வேலை. யூரியாவைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் உப்பில்லாத 5 மில்லிமோலார் டிரிஸ் தாங்கல் கரைசலுக்கு, பி.எச். 8.4க்கு, கொண்டுவர வேண்டும். அங்கே இரண்டிரண்டாகப் பின்னிய மூலக்கூறுகள் எதிரெதிர்த் திசையில் சேர்ந்து நான்கு நான்காக நிற்கும். அதனால்தான் ஆக்டின் என்ற இன்னொரு இழைப் புரதத்தைப் போல இந்த இழைக்கு முன்முனை பின்முனை என்ற பேச்சே இல்லை.

உப்பு சேர்த்ததும்தான் வேடிக்கை. ஆற்றல் தரும் ஏடிபி வேண்டாம், ஜிடிபி வேண்டாம். அந்த நான்கு மூலக்கூறுக் கூட்டுகளில் ஏறக்குறைய எட்டு பக்கவாட்டில் சேர்ந்து சுமார் 60 நானோமீட்டர் நீளத் துண்டாகும், துண்டுகள் நுனியோடு நுனி ஒட்டி நீளும், பிறகு குறுக்களவில் இறுகும். முதல் கட்டம் சில வினாடிகளில் முடிந்துவிடும் என்பதால் இழை சேர்வதை அப்படியே நிறுத்தி உறைய வைக்கும் குளுட்டரால்டிஹைடு உள்ள பிப்பெட்டை மறுகையில் தயாராக வைத்திருங்கள். 10 வினாடியில் நிறுத்திய மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்த டெக்னீசியன் அக்கா, "என்ன தம்பி, அரிசியக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்!

ஆனால் குழாயில் அழகாக இழை வந்தால் தசையிலும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்350பி மாதிரி டெஸ்மின் மரபணுப் பிறழ்வுகள் இழை கட்டுவதையே கெடுக்கும். வேறு சில பிறழ்வுகளோ குழாயில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, ஆளுக்கு நோயைக் கொடுக்கும். நாருக்குள் பிளெக்டின் போன்ற புரதங்கள் பிடித்துக்கொண்டால்தான் டெஸ்மின் இசட் தட்டில் நிற்கும். வளரும் தசைச் செல்லில் விமெண்டின் என்ற இன்னொரு இழைப் புரதத்தோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடும் டெஸ்மின், முதிர்ந்த பிறகுதான் குறுக்கே வந்து அமர்கிறது. பிறழ்வைச் சோதிப்பதாக இருந்தால் சி2சி12 என்ற எலித் தசைச் செல் வளர்ப்பையும் முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். அந்தச் செல்கள் இணைந்து தசைக்குழாயாக மாறவே பல நாள் பிடிக்கும்.